ஹெட்லைட் மங்கலா, கூசுகிறதா, அடிக்கடி ஃபியூஸ் போகிறதா: அறிகுறியை வைத்துச் சரியான பல்பைப் பிடிப்பது

கடைக்குப் போய் “நல்லா வெளிச்சமா ஒரு செட் பல்பு குடுங்க” என்று கேட்டால், மேசைமேல் வந்து விழுவது பெரும்பாலும் 100/90 வாட் பல்பு. இல்லையென்றால் பின்னால் விசிறி வைத்த எல்இடி. இரண்டும் காரில் மாட்டிக்கொள்ளும், எரியவும் எரியும். முதலாவது நாளடைவில் ஹோல்டரை உருக்கும். இரண்டாவது எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கும். வெளிச்சம் குறைந்ததற்குக் காரணம் ஒயரிலோ கண்ணாடியிலோ இருந்தால், எந்தப் பல்பை மாற்றியும் குறை தீராது. அதனால் காசை எடுப்பதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் ஹாலஜன் பல்பு வைத்த கார்களுக்கு. கம்பெனியிலிருந்தே எல்இடியோடு வந்த ஹெட்லைட்டில் பெரும்பாலும் பல்பு தனியாகக் கழலாது. டிம் என்றால் லோ பீம், பிரைட் என்றால் ஹை பீம். நம் ஒர்க்‌ஷாப்பில் பேசுகிற சொற்களையே வைத்துக்கொள்வோம்.

எந்தப் பல்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடத்தில் எழுதியிருக்கும். ஒன்று, பழைய பல்பின் உலோக வளையத்தில்: எச்4, 12 வோல்ட், 60/55 வாட் என்று பொறித்திருக்கும். இரண்டு, காரோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பல்பு அட்டவணை. மூன்று, ஹெட்லைட் கண்ணாடியின் ஓரத்திலோ பின்பக்க பிளாஸ்டிக்கிலோ. பழைய கார் வாங்கியவர்கள் முதலாவதை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் தப்பான பல்பைப் போட்டிருந்தால், அதையே பார்த்து நீங்களும் தப்பாக வாங்குவீர்கள். ஒரே மாடலிலும் கீழ் வேரியன்டில் ஒரு பல்பு, மேல் வேரியன்டில் வேறு பல்பு, ஃபேஸ்லிஃப்டுக்குப் பிறகு இன்னொன்று என்று இருக்கும். கடையில் கார் பெயரை மட்டும் சொல்லாமல் ஆண்டையும் வேரியன்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய பல்பைக் கையில் கொண்டுபோய்விடுங்கள்.

நம் ஊர்க் கார்களில் அடிக்கடி வருபவை இவை:

எச்4: 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55), மூன்று கால், ஒரே பல்புக்குள் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ஃபிலமென்ட், அதாவது எரிகிற சுருள் கம்பி. ஆல்ட்டோ, வேகன் ஆர் மாதிரிச் சிறு கார்களில் இதுதான். வெளிநாட்டுப் பெட்டிகளில் 9003 என்று இருந்தாலும் இதே பல்புதான்.

எச்7: 55 வாட், இரண்டு கால், ஒரே ஃபிலமென்ட். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று எனத் தனித்தனி அறை வைத்த ஹெட்லைட்டுகளில் வரும்.

எச்1: 55 வாட், சின்னது, பின்னால் ஒரே கால். பல கார்களில் பிரைட்டுக்கு.

எச்11: 55 வாட், பிளாஸ்டிக் அடிப்பகுதி, ரப்பர் வளையம், திருகி மாட்டுவது. ஃபாக் லைட்டிலும், உள்ளே லென்ஸ் வைத்த ப்ரொஜெக்டர் ஹெட்லைட்டிலும் பார்க்கலாம்.

எச்பி3, எச்பி4: பெட்டியில் 9005, 9006 என்றும் இருக்கும். முதலாவது 60 வாட், பெரும்பாலும் பிரைட்டுக்கு. இரண்டாவது 51 வாட், டிம்முக்கு.

எச்15: பகல் விளக்குக்கு 15 வாட், பிரைட்டுக்கு 55 வாட் என இரண்டு ஃபிலமென்ட்.

டி1எஸ், டி2எஸ், டி3எஸ் என்று ‘டி’யில் தொடங்கினால் அது எச்ஐடி: வாயுவில் மின்பொறி எரியும் வகை, ஃபிலமென்டே கிடையாது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் பாலஸ்ட் பெட்டி பற்றவைக்கும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் அடிக்கும். அதில் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

அறிகுறி: வாங்கி வந்த பல்பு உட்கார மறுக்கிறது

அழுத்தாதீர்கள், அரத்தால் தேய்க்காதீர்கள். தப்பான பல்பு உட்காராமல் இருப்பதற்காகவே அடிப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை அப்படி வைத்திருக்கிறார்கள். எச்8, எச்9, எச்11, எச்16 நான்கும் முதல் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வாட் மட்டும் எச்8இல் 35, எச்9இல் 65, எச்11இல் 55, எச்16இல் 19. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாதபடி அடிப்பகுதிக் காதுகளின் அமைப்பு வேறு. அந்தக் காதை அறுத்துவிட்டு எச்11 இடத்தில் எச்9 போடும் பழக்கம் உண்டு, ஏனென்றால் எச்11 தருவது 1,350 லூமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு), எச்9 தருவது 2,100. ஆனால் எச்11இன் நுனியில் கறுப்புப் பூச்சு இருக்கும், எச்9இல் இருக்காது. அந்தப் பூச்சுதான் நேராக முன்னால் பாயும் வெளிச்சத்தை மறைக்கிறது. லென்ஸ் இல்லாமல், ரிஃப்ளெக்டர் என்ற பளபளப்பான கிண்ணமே வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ஹெட்லைட்டில் அது இல்லாமல் போனால் எதிரே வருகிறவருக்குக் கூசும். சூடும் கூடுதல்.

எச்4இல் வரும் குழப்பம் வேறு. பழைய டிராக்டர், புல்லட் ஹெட்லைட்டுகளுக்கான பி45டி அடிப்பகுதியும் இன்றைய கார்களின் பி43டி அடிப்பகுதியும் கடையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் கிடக்கும். இரண்டிலும் 60/55 என்றே எழுதியிருக்கும். பி43டி என்று பார்த்து வாங்குங்கள். பைக்குக்கான எச்எஸ்1 பல்பும் எச்4 உருவத்திலேயே இருக்கும், ஆனால் 35/35 வாட். அதைக் காரில் போட்டால் மங்கும். காரின் எச்4ஐ பைக்கில் போட்டால் பேட்டரி இறங்கும், ஹெட்லைட் சூடாகும்.

எச்7 வைத்த சில ஐரோப்பியக் கார்களில் பல்புக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே ஒரு சின்ன உலோகத் தாங்கி உண்டு. பழைய பல்பை இழுக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், குப்பையோடு குப்பையாகப் போய்விடும். புதுப் பல்பு ஆடுகிறது, கிளிப் பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட்ட பழைய பல்பைத் தேடிப் பாருங்கள்.

அறிகுறி: பல்பு எரிகிறது, ஆனால் வெளிச்சம் மரத்தின் மேல் போகிறது, எதிரே வருகிறவர்கள் டிப் அடிக்கிறார்கள்

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு எச்4 பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளே இரண்டு சுருள் கம்பிகள். நுனிப்பக்கம் இருப்பது டிம். அதற்குக் கீழே கரண்டி மாதிரிக் குழிவாக ஒரு சின்னத் தகடு. டிம் எரியும்போது கீழே போகும் வெளிச்சத்தை அந்தக் கரண்டி மறைத்துவிடும். மேலே போவது மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் பட்டு, கீழ்நோக்கிச் சாலையில் விழும். அடிப்பக்கம் இருக்கும் பிரைட் சுருளுக்குக் கரண்டி கிடையாது, ஆகவே முழு ரிஃப்ளெக்டரும் வேலை செய்யும். ஹெட்லைட்டை வடிவமைத்தவர் அந்தச் சுருள் எங்கே இருக்கும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்தே ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் சுவரில் விழும் கோடு கலைந்துவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பல்பு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று. எச்4 வளையத்தில் மூன்று காதுகள். அகலமானது மேலே, கடிகாரத்தில் 12 மணி நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். தப்பாக வைத்தாலும் கம்பிக் கிளிப் எப்படியோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஏமாந்துவிடுவோம். இருட்டில் கையை விட்டு மாட்டும்போது இது நிறைய நடக்கும். கிளிப் போட்ட பிறகு பல்பை மெல்ல ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

பிறகு சுவர்ச் சோதனை. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். டேஷ்போர்டில் ஹெட்லைட் உயரம் மாற்றும் திருகு இருந்தால் 0இல் வையுங்கள். சமதளத்தில் சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தரையிலிருந்து பல்பின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இந்தக் கீழ்க் கோட்டில் உட்கார வேண்டும். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்பது 1 சதவீதச் சரிவு. உங்கள் ஹெட்லைட்டின் மேல் வேறு சதவீதம் எழுதியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இடமில்லையென்றால் 5 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர்.

விளிம்பின் வடிவத்தையும் பாருங்கள். வலப்பக்கம் தட்டையாகவும், நடுவிலிருந்து இடப்பக்கம் மேலேறியும் இருக்க வேண்டும். நாம் இடதுபுறம் ஓட்டுகிறோம், அதனால் நடைபாதைப் பக்கம் தூரம் தெரிய வேண்டும். ஏற்றம் வலப்பக்கம் இருந்தால் அந்த ஹெட்லைட்டே வலதுபுறம் ஓட்டும் நாட்டுக்கானது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சாமான்களில் இது மாட்டும். கண்ணாடியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: ஐரோப்பிய முத்திரை பெற்ற, இடதுபுற நாடுகளுக்கான ஹெட்லைட்டில், காருக்கு எதிரே நின்று பார்த்தால் நம் வலக்கைப் பக்கம் காட்டும் அம்பு இருக்கும். இரு பக்கமும் காட்டினால் இரண்டுக்கும் பொது. முத்திரை இருந்தும் அம்பே இல்லையென்றால் வலதுபுறம் ஓட்டும் நாட்டுக்கானது.

விளிம்பு கூர்மையாக இருந்து உயரம் மட்டும் தப்பென்றால், பின்பக்கத் திருகைத் திருப்பினால் தீர்ந்தது. விளிம்பே இல்லாமல் வெளிச்சம் பூராவும் பரந்து கிடந்தால், அது அட்ஜஸ்ட்மென்ட்டால் சரியாகாது. பல்பு தப்பு, அல்லது தப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட்டின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் இதற்கு மருந்தில்லை. கூசுவதோடு உங்கள் சாலை வெளிச்சத்தையும் சேர்த்தே அது மறைக்கும்.

எல்இடி போட்டவர்களுக்கு இந்தச் சோதனையில்தான் உண்மை தெரியும். சுருள் கம்பி எல்லாப் பக்கமும் ஒளி வீசும் ஒரு மெல்லிய உருளை. எல்இடியோ தட்டையான பலகையின் இரண்டு முகத்தில் ஒட்டிய சில்லுகள். பலகை தடிமனாக இருந்தால் இரு ஒளிமூலங்களும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகி நிற்கும். டிம் சில்லுக்குக் கீழே கரண்டி சரியாக இல்லையென்றால் வெளிச்சம் மேலே கிளம்பிவிடும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், சில்லுகள் இடமும் வலமும், அதாவது 3 மணிக்கும் 9 மணிக்கும், பார்க்கும்படி திருப்புங்கள். மேலும் கீழும் பார்த்தால் கோடு நிச்சயம் கெடும். ரிஃப்ளெக்டரில் எச்ஐடி கிட் போடுவது இதைவிட மோசம். எச்ஐடி தரும் 3,000 லூமனுக்கு அந்த ரிஃப்ளெக்டரை யாரும் வளைக்கவில்லை.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி பல்புகளுக்கு அனுமதி உண்டு என்பது உண்மை. அதுவும் இந்தப் பல்பு இந்தக் காரின் இந்த ஹெட்லைட்டில் என்று பரிசோதித்துப் பட்டியல் போட்டுத்தான். “ஐரோப்பாவில் ஓகே சார்” என்று கடையில் சொன்னால், பட்டியலில் உங்கள் கார் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிகுறி: இரண்டு பக்கமும் மங்கல், மஞ்சள்

பெரிய வாட் பல்பு வாங்க ஓடுகிறவர்கள் எல்லாரும் இந்த அறிகுறியோடுதான் ஓடுகிறார்கள். பல்பைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

முதலில் கண்ணாடி. மேலே மஞ்சள் பூத்துப் பனி படிந்த மாதிரி இருந்தால், 800, 1500, 2000 நம்பர் நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வரிசையாக ஈரமாகத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்டு போட்டு, வெயில் தாங்கும் தெளிவான பூச்சு அடிக்க வேண்டும். கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும். பற்பசை வைத்துத் தேய்ப்பது ஒரு வாரத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து ரிஃப்ளெக்டர். பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல்புக்கு நேர் மேலே பழுப்பாகவோ சாம்பலாகவோ கருகியிருந்தால், ஹெட்லைட்டையே மாற்றுவது தவிர வழியில்லை. துணி விட்டுத் துடைக்காதீர்கள். அந்த அலுமினியப் பூச்சு விரல் பட்டாலே உரியும்.

மூன்றாவது, பெரும்பாலும் குற்றவாளி: ஒயரில் தொலையும் வோல்ட். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர் விகிதத்தில் இறங்காது, சரேலென்று இறங்கும். 13.2 வோல்ட்டில் முழு வெளிச்சம் தரும் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் தரும். 11 வோல்ட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பத்து நிமிட வேலை:

1. எஞ்சினை ஓடவிட்டு டிம் போடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழே என்றால் சார்ஜிங்கைப் பாருங்கள், பல்பை விடுங்கள்.

2. கப்ளரை, அதாவது பல்புக் காலில் மாட்டும் ஒயர் பிளக்கை, கழற்றாமல், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, பின்பக்கமாக ஊசி நுழைத்துப் பல்புக் காலில் அளவெடுங்கள். கழற்றிவிட்டு அளந்தால் கரன்ட் ஓடாது, வோல்ட் முழுசாகக் காட்டி ஏமாற்றும்.

3. பேட்டரிக்கும் பல்புக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பிரச்சினையில்லை. 1 வோல்ட்டைத் தாண்டினால் ஒயரிங்தான்.

4. எந்தப் பாதியில் என்று பிரியுங்கள். ஒரு ஊசி பேட்டரி பாசிட்டிவில், மறு ஊசி பல்பின் பாசிட்டிவ் காலில். பிறகு ஒன்று பல்பின் எர்த் காலில், மற்றது பேட்டரி நெகட்டிவில். எது அதிகம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் பச்சை பூத்த கப்ளரோ, துருப்பிடித்த எர்த் போல்ட்டோ, தேய்ந்த டிம்-பிரைட் சுவிட்சோ இருக்கும்.

எர்த் பக்கம் என்றால் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும். பாசிட்டிவ் பக்கம் என்றால், பழைய கார்களுக்கு ரிலே கிட் நல்ல தீர்வு. ரிலே என்பது சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே, 30 ஆம்பியர். ஒவ்வொரு காலிலும் எண் எழுதியிருக்கும்: 30ஆம் காலுக்குப் பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்கு ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ். 87இலிருந்து பல்புக்கு. 86க்குப் பழைய கப்ளரின் சிக்னல், 85 எர்த். பழைய ஒயர் அப்போது ரிலேயின் சுருளை இழுக்கும் வேலை மட்டும் செய்யும். சுமை புது ஒயரில் போகும். அதே 60/55 பல்பு கண் முன்னால் வெள்ளையாவதைப் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. சில ஜப்பானிய வடிவமைப்புகளில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் பொதுவான கால் பாசிட்டிவாக இருக்கும், சுவிட்ச் எர்த் பக்கத்தை வெட்டும். முதலில் மீட்டரால் பார்க்காமல் மேலே சொன்ன இணைப்பைக் கொடுக்காதீர்கள். ஹெட்லைட்டை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் ரிலே கிட் வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் மங்கல் என்றால் பல்பை மாற்றலாம். பல நூறு மணி நேரம் எரிந்த பல்பு உள்ளே கறுத்து மங்கத்தான் செய்யும். ‘100 சதவீதம் கூடுதல் வெளிச்சம்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சாலையில் குறிப்பிட்ட ஒரு புள்ளியில், தர விதி கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்ட கணக்கு அது. மொத்த லூமன் விதிக்குள்தான் இருக்கும். சுருளைச் சிறிதாக, சூடாக, துல்லியமாகச் சுற்றி அதைச் சாதிக்கிறார்கள். வெளிச்சம் நிஜமாகவே நன்றாக இருக்கும், ஆனால் ஆயுள் குறையும். தினமும் இரவு ஓட்டுகிறவர் ‘நீண்ட ஆயுள்’ வகையையோ சாதாரண வகையையோ வாங்குவது மேல்.

அறிகுறி: ஒரே பக்கப் பல்பு மட்டும் திரும்பத் திரும்ப ஃபியூஸ் போகிறது

செத்த பல்பைத் தூக்கிப் போடாதீர்கள், அது சாட்சி சொல்லும்.

கண்ணாடியில் ஒரு இடத்தில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தாலோ வெள்ளைத் தடம் இருந்தாலோ, மாட்டியவர் விரலால் தொட்டிருக்கிறார். விரல் எண்ணெய் பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி குவார்ட்ஸ் கண்ணாடி பலவீனமாகும். உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடி படிந்திருந்தால் காற்று புகுந்துவிட்டது: விரிசல், அல்லது தரமில்லாத பல்பு. கம்பி அறுந்த முனைகள் உருகி மணி மாதிரி உருண்டிருந்தால் வயதாகியோ அதிக வோல்ட்டாலோ போனது. கண்ணாடி சுத்தமாக இருந்து, கம்பி மட்டும் கூராக முறிந்திருந்தால் அதிர்வு. ஹெட்லைட்டின் தாங்கிக் காது உடைந்து ஆடுகிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி உள்ளே பளபளப்பாகக் கறுத்திருந்தால் வயது, அல்லது நீண்ட நாள் குறைந்த வோல்ட்டில் எரிந்தது. சூடு போதாதபோது ஹாலஜன் வாயுவால் டங்ஸ்டனைக் கம்பிக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, அது கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

மாட்டும்போது உலோக வளையத்தை மட்டும் பிடியுங்கள். கண்ணாடியில் கை பட்டுவிட்டால் பஞ்சில்லாத துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். பழையதைக் கழற்றும் முன் லைட்டை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளே வாயு அழுத்தத்தில் இருக்கிறது, கீழே விழுந்தால் சில்லு தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருப்பது நல்லது.

இரண்டு பக்கமும் சில வாரங்களில் மாறி மாறிப் போனால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள். எஞ்சினை 2,000 சுற்றில் வைத்து பேட்டரியில் அளந்தால் 14.8க்கு மேல் காட்டுகிறதா? அந்த அளவிலேயே பல்பின் ஆயுள் கால்வாசிக்கு இறங்கிவிடும். ரெகுலேட்டரை மாற்றாமல் பல்பு வாங்கிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

அறிகுறி: டிம் போட்டால் ஒரு பக்கம் மங்கலாக எரிகிறது, டேஷ்போர்டில் பிரைட்டின் நீல விளக்கும் லேசாக மின்னுகிறது

எச்4 கார்களில் இது அச்சு அசலான எர்த் கோளாறு. அந்தப் பக்கத்து எர்த் அறுந்துவிட்டால், கரன்ட் டிம் சுருளில் நுழைந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அதே பல்பின் பிரைட் சுருள் வழியாகப் பின்னோக்கி ஓடி, பிரைட் ஒயரில் ஏறி மறுபக்கப் பல்பையும் நீல விளக்கையும் தேடிப் போகும். அதனால் இரண்டு சுருளும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். பல்பை எத்தனை முறை மாற்றினாலும் இப்படியே இருக்கும். எர்த் ஒயரைச் சரிசெய்தால் அந்த நொடியே சரியாகும்.

டிம் மட்டும் போய் பிரைட் எரிந்தால், அது சாதாரண ஃபிலமென்ட் சாவு. பல்பு மாற்றுங்கள்.

அறிகுறி: ஹோல்டர் உருகிக் கறுத்திருக்கிறது, பிளாஸ்டிக் வாடை

100/90 பல்பின் விலை இங்கேதான் தெரியும். 55 வாட் பல்பு இழுப்பது சுமார் 4.6 ஆம்பியர், 90 வாட் பல்பு 7.5. ஒயரிலும் காலிலும் உண்டாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடிய கரன்ட் இரண்டரை மடங்குக்கு மேல் சூடு தரும். கம்பெனி ஒயருக்கும் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டருக்கும் இது தாங்காது. வேடிக்கை என்னவென்றால், கரன்ட் கூடக்கூட ஒயரில் தொலையும் வோல்ட்டும் கூடும். போட்ட வாட் முழுதும் வெளிச்சமாக வரவும் வராது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போட்டுவிட்டால் அடுத்து எரிவது ஒயர். இந்தப் பல்புகள் சாலையில் ஓட்ட அனுமதிக்கப்பட்டவையும் அல்ல.

60/55 போட்டிருந்தும் உருகியிருந்தால் ஹோல்டரின் பித்தளைக் கால் தளர்ந்திருக்கிறது. செராமிக் ஹோல்டர் வாங்கி மாற்றுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல், சால்டர் வைத்தோ கிரிம்ப் அடித்தோ சேருங்கள். கருகின பகுதியை வெட்டி, செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை போக வேண்டும். கறுத்த செம்பில் சால்டர் ஒட்டாது.

அறிகுறி: எல்இடி மினுக்குகிறது, எஃப்எம் இரைகிறது, டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை

காரின் கம்ப்யூட்டர் பல்பு இருக்கிறதா என்று இழுக்கும் கரன்ட்டை வைத்துத்தான் பார்க்கிறது. எல்இடி குறைவாக இழுப்பதால் ‘பல்பு போச்சு’ என்று முடிவு கட்டுகிறது. சில கார்கள் வோல்ட்டை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும். ஹாலஜன் கம்பி சூட்டோடு அதைத் தாண்டிவிடும், எல்இடி மினுக்கும். ‘கேன்பஸ்’ என்று விற்கும் ரெசிஸ்டர் எச்சரிக்கையை அடக்கும், ஆனால் அது தொட முடியாத அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக்கிலோ ஒயரிலோ ஒட்டிக் கட்டாதீர்கள். எளிய தீர்வு ஹாலஜனுக்கே திரும்புவது.

அறிகுறி: ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெள்ளை

ஒன்று பழசு, ஒன்று புதுசு. ஜோடியாகவே மாற்றுங்கள். எரிகிற பழையதைத் துணி சுற்றி டூல் பெட்டியில் வையுங்கள், அவசரத்துக்கு உதவும்.

நீலம் கலந்த 5,000 கெல்வின் (ஒளியின் நிறத்துக்கான அளவு) ஹாலஜனை வெளிச்சம் என்று வாங்காதீர்கள். சாதாரண ஹாலஜன் 3,200 கெல்வின் பக்கம். நீலப் பூச்சு மஞ்சள் ஒளியை வடிகட்டித்தான் வெள்ளையாக்குகிறது, அதாவது வெளிச்சத்தை எடுத்துவிடுகிறது. ஈரத் தார்ச்சாலையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பல்பு அசலா என்று பார்க்க, உலோக வளையத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து. அனுமதி கொடுத்த நாடு அது, செய்த நாடு அல்ல. அந்த முத்திரையைப் போலியிலும் அடித்துவிடலாம் என்பதால் எச்4, எச்7 பல்பின் நுனிக் கறுப்பு ஓரம் சுத்தமாக இருக்கிறதா, சுருள் நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். கோணலாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

அறிகுறி: பல்பு மாற்றியதிலிருந்து ஹெட்லைட்டுக்குள் ஆவி

ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. மூடியில் மேல்பக்கம் என்று குறி இருந்தால் அது மேலே வரட்டும்; பல்பின் மூன்று கால்களும் ரப்பரைத் தாண்டி முழுசாக வெளியே தெரிய வேண்டும், ஓரம் சுற்றிலும் பள்ளத்தில் அமுங்க வேண்டும். எல்இடியின் விசிறி இடிக்கிறது என்று மூடியையே வெட்டியிருந்தால் மழைக்காலம் முழுக்க இந்த ஆவி இருக்கும். மழைக்குப் பிறகு மெல்லிய பனி படிந்து, லைட் போட்ட அரை மணியில் மறைந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கீழே தண்ணீர் தேங்கி நின்றால் மூடியைக் கழற்றி வெயிலில் காய வைத்து, பின்பக்கக் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிலிக்கான் போட்டு அந்தக் குழாயையும் சேர்த்து அடைத்துவிடாதீர்கள்.